குவார்ட்சைட் ஒட்டகக்காரர்

அரிசோனாவில் ஒட்டகப் பட்டாளம் இருந்தது என்றால் நம்புவீர்களா? 1855-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவத்துக்கு ஒட்டகம் வாங்க 30,000 டாலர் ஒதுக்கியது. தென்மேற்குப் பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் கோவேறு கழுதைகள் திணறின. ஒட்டகம் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். அடுத்த வருஷம் 34 ஒட்டகங்கள் டெக்சாஸ் கரையில் கப்பலிலிருந்து இறங்கின. அவற்றைப் பழக்க வந்தவர்களில் ஒருவர் ஹாஜி அலி. பெயர் வாயில் நுழையாத அமெரிக்கர்கள் அவரை 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள்!

1857-ல் எட்வர்ட் பீல் நியூ மெக்சிகோவிலிருந்து மேற்கே வண்டிப்பாதை அளந்தபோது சுமை தூக்கியவை இந்த ஒட்டகங்கள்தான். பீல் அவற்றை வாயாரப் புகழ்ந்தார். பின்னாளில் 66-ம் எண் நெடுஞ்சாலை பல இடங்களில் அந்த வழியை ஒட்டியே போனது. நாங்கள் கேம்பரில் ஏ.சி. போட்டுக்கொண்டு போன வழியும் அதுதான்.

உள்நாட்டுப் போர் வந்தது, ஒட்டகங்களைக் கேட்பாரில்லை. பலவற்றை ஏலம் விட்டார்கள், சில பாலைவனத்தில் திரிந்தன. ஹாஜி அலி ராணுவத்துக்குச் சுமைக்காரராக உழைத்தார், தங்கம் தேடி அலைந்தார். வயதான காலத்தில் பென்ஷன் கேட்டார், கிடைக்கவில்லை. 1902-ல் குவார்ட்சைட்டில் காலமானார்.

குளிர்காலத்தில் கேம்பர்கள் குவியும் ஊர் அது. அங்கே கல்லில் ஒரு சின்ன பிரமிடு, உச்சியில் உலோக ஒட்டகம். 1935-ல் மாநில நெடுஞ்சாலைத் துறை எழுப்பிய சமாதி.

"முப்பத்து மூணு வருஷம் கழிச்சா?" என்றாள் என் மனைவி.