சென்னைத் தென்புறநகரில் கூலியும் சம்பளமும்

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் எனத் தொடர்வண்டிப் பாதையை ஒட்டி நீளும் பகுதி சென்னைத் தென்புறநகர் எனப்படுகிறது. இப்பகுதியில் உழைப்புக்கான ஊதியம் ஒரு காலத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. பிறகு அணாவும் ரூபாயுமாக எண்ணப்பட்டது. இன்று வங்கிக் கணக்கில் எண்ணாக வந்து விழுகிறது. ஒருவருடைய ஊதியத்தை முடிவு செய்தவை எவை என்பதை இப்பகுதியின் வரலாற்றையும் சென்னையின் தொழிலாளர் வரலாற்றையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்களும் சராசரியும்

நாள் கணக்கில் பெறுவதைக் கூலி என்றும், மாதக் கணக்கில் பெறுவதைச் சம்பளம் என்றும் வழங்குகிறோம். சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்ததே சம்பளம் என்ற விளக்கம் வகுப்பறைகளில் புகழ் பெற்றது. சொல்லாய்வாளர் எல்லாரும் அதை ஏற்பதில்லை. ஆனால் ஆங்கிலத்தின் சாலரி என்ற சொல்லும் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது என்பதால், மாணவர்களுக்கு இந்த விளக்கம் எளிதில் மறப்பதில்லை.

செய்திகளில் அடிக்கடி வரும் 'சராசரிச் சம்பளம்' என்பதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஒரு பட்டறையில் 9 பேர் மாதம் 12,000 ரூபாயும், மேலாளர் ஒருவர் 1,92,000 ரூபாயும் பெறுவதாகக் கொள்வோம். மொத்தம் 3,00,000 ரூபாய். பத்தால் வகுத்தால் சராசரி 30,000 ரூபாய். அந்தப் பட்டறையில் 30,000 ரூபாய் வாங்குபவர் ஒருவரும் இல்லை. எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் கிடைப்பது 12,000. இது இடைநிலை அளவு எனப்படும். ஐரோப்பிய நாடுகளின் புள்ளிவிவரங்களில் இரண்டையும் சேர்த்தே தருவது வழக்கம். இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெருகப் பெருக, அந்த ஊரில் மேல் கீழ் வேறுபாடும் பெருகியிருக்கிறது என்று பொருள்.

களத்தில் அளந்த நெல்

பெருங்களத்தூர் என்ற பெயரில் இருப்பது நெற்களமா போர்க்களமா என்பதைப் பெயராய்வாளர்களிடம் விட்டுவிடலாம். ஆனால் இந்த வட்டாரத்தின் பழைய ஊதியம் களத்திலேதான் கொடுக்கப்பட்டது. ஆற்காட்டு நவாபு 1763-இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதன்பின் தாமசு பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்குகளின்படி, விளைந்த நெல்லை அரசுக்கும் பயிரிடுவோர்க்கும் பங்கிடுவதற்கு முன்பே கோயில், கணக்கர், வெட்டியான், கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர் எனப் பலருக்கும் உரிய பங்கு எடுத்து வைக்கப்பட்டது. இந்தப் பங்குகள் மேரை, சுதந்திரம் என்ற பெயர்களில் வழங்கின. விடுதலை என்ற பொருளில் நாம் இன்று வழங்கும் சொல், அன்றைய களத்தில் மரக்காலால் அளந்து தரும் உரிமைப் பங்கைக் குறித்தது.

இந்த முறையைப் பொற்காலமாக எழுதுவோர் உண்டு. அரைகுறையாகத்தான் அதை ஏற்க முடியும். பஞ்ச காலத்திலும் ஏதோ ஒரு பங்கு உறுதியாக இருந்தது உண்மை. ஆனால் யாருக்கு எத்தனை மரக்கால் என்பதை அவர் செய்த வேலையின் அளவு முடிவு செய்யவில்லை. அவர் பிறந்த சாதி முடிவு செய்தது. நிலத்தில் இறங்கி உழைத்த படியாள்கள் மிராசுதாரரைச் சார்ந்தே வாழ்ந்தனர். வேறிடத்தில் கூடுதல் கூலி கிடைத்தாலும் போக முடியாதவருக்குக் கூலி உயராது. சென்னைப் பட்டணம் வளர்ந்து, கட்டுமான வேலைக்கும் துறைமுக வேலைக்கும் ஆள் தேவைப்பட்டபோதுதான் கிராமத்துக் கூலியாளுக்கு ஒரு மாற்று வழி கிடைத்தது.

அந்த வழியைத் தொடர்வண்டி அகலமாக்கியது. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. தாம்பரத்தில் குடியிருந்து பட்டணத்துச் சம்பளம் வாங்குவது அதன்பின் இயல்பாகிவிட்டது. அதற்கு முன்பே, 1912-இல் சேம்பர்சு என்பவர் தொடங்கிய குரோம் தோல் தொழிற்சாலை இங்கேயே ஆலைக் கூலியைக் கொண்டு வந்திருந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே அந்தத் தொழிற்சாலை தந்ததுதான்.

பின்னி ஆலையும் சங்கமும்

தனி ஆளாகக் கேட்டால் கிடைக்காத கூலி, சேர்ந்து கேட்டால் கிடைக்கும் என்ற பாடத்தைச் சென்னைக்குக் கற்றுத் தந்தது பெரம்பூர். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தனர். முதல் உலகப் போரின் போது தானிய விலை ஏறியது. கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. 1918 செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகள் சூறையாடப்படும் அளவுக்கு நிலைமை முற்றியது.

அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பெரம்பூர்ப் பகுதியைச் சேர்ந்த கோ. செல்வபதி செட்டியார், கோ. இராமானுஜலு நாயுடு ஆகியோர் முயன்று தொடங்கிய இச்சங்கத்துக்குப் பி. பி. வாடியா தலைவரானார். திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களுள் ஒருவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இது குறிப்பிடப்படுகிறது. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வேலையை நிறுத்தும்படி தொழிலாளரைத் தூண்டக்கூடாது என்று உயர் நீதிமன்றம் வாடியாவுக்குத் தடை விதித்தது. சங்கம் அமைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை இவ்வழக்கு நாடறியச் செய்தது. 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு இது முக்கியக் காரணம்.

1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் வேறொரு பாடத்தைத் தந்தது. ஆண்டின் நடுவில் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட அந்தப் போராட்டத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களை வேலைக்குத் திரும்பும்படி எம். சி. ராஜா அறிவுறுத்தினார். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது; வீடுகள் எரிந்தன; துப்பாக்கிச் சூடு நடந்தது. கடன்பட்டு, கையிருப்பு எதுவும் இல்லாமல் இருந்த மக்களை மாதக் கணக்கில் பட்டினி கிடக்கச் சொல்வது எளிதன்று. சங்கத்துக்குள் சாதி வேற்றுமை தீராமல் கூலிப் போராட்டம் வெல்லாது என்பதை அன்றைய தலைவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. இரண்டு ஆண்டு கழித்து, 1923 மே 1 அன்று, ம. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடினார்.

குன்னூரில் போட்ட கணக்கு

ஒரு குடும்பம் வாழ எவ்வளவு கூலி வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியா கண்ட விடையில் நீலகிரிக்குப் பங்கு உண்டு. குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக 1935 முதல் இருந்தவர் வாலசு எய்க்ராய்டு. உழைக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு தேவை என்ற அவரது கணக்கு பின்னாளில் கூலி நிர்ணயத்துக்கு அடிப்படையானது.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல் வந்தது. ஆனால் குறைந்தபட்சம் என்பது எவ்வளவு என்று அச்சட்டம் சொல்லவில்லை. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதற்கு ஓர் அளவுகோலை வகுத்தது. ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு 3 நுகர்வு அலகுகள். ஆளுக்கு 2,700 கலோரி உணவு. நால்வருக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அரசின் எளிய குடியிருப்புத் திட்டத்துக்குரிய வாடகை. எரிபொருள், விளக்கு, பிற செலவுக்கு மொத்தக் கூலியில் 20 விழுக்காடு.

நால்வர் எப்படி மூன்று அலகு ஆவர்? கணவருக்கு 1, மனைவிக்கு 0.8, இரு குழந்தைகளுக்குத் தலா 0.6. கூட்டினால் 3. இந்தக் கணக்கைப் படிக்கும் எவருக்கும் இரண்டு கேள்விகள் எழும். வீட்டு வேலையும் வயல் வேலையும் செய்யும் பெண்ணுக்கு உணவு ஏன் குறைய வேண்டும்? பெற்றோரும் உடன் வாழும் நம் குடும்பங்களில் அவர்களுக்கு அலகு எங்கே? இரண்டாவது கேள்வி இன்றும் தொழிற்சங்க மேடைகளில் ஒலிக்கிறது.

இந்த அளவுகோலை மேலும் நீட்டியது ஒரு சென்னை வழக்கு. ரெப்டகோசு பிரெட் என்ற மருந்து நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலையில் அகவிலைப்படி, வாழ்க்கைச் செலவுக் குறியீட்டோடும் அடிப்படைச் சம்பளத்தோடும் சேர்த்துப் பிணைக்கப்பட்டிருந்தது. விலை ஏறினாலும் படி ஏறும்; அடிப்படைச் சம்பளம் ஏறினாலும் படி ஏறும். நிறுவனம் இதை மாற்ற முயன்றது. உச்ச நீதிமன்றம் 1991-இல் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. குழந்தைகளின் கல்வி, மருத்துவம், திருவிழா உள்ளிட்ட பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் 25 விழுக்காடு சேர வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. சோறும் துணியும் மட்டும் கூலி ஆகாது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் இது.

ஐரோப்பாவில் எல்லா நாடும் சட்டத்தின் மூலம் கூலியை நிர்ணயிப்பதில்லை. சுவீடனிலும் டென்மார்க்கிலும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடையாது; சங்கங்களும் முதலாளிகளும் பேசி முடிப்பதே கூலி. செருமனியும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. சங்கத்தில் சேராத தொழிலாளர் பெருகிய பின், 2015 சனவரி 1 முதல் மணிக்கு 8.50 யூரோ என்று சட்டம் இயற்றியது. சங்கம் வலுவாக உள்ள இடத்தில் சட்டத்தின் தேவை குறைகிறது.

ஊதியக் குழுக்கள்

அரசு ஊழியர் சம்பளத்தை ஊதியக் குழுக்கள் முடிவு செய்கின்றன. நடுவண் அரசின் முதல் ஊதியக் குழுவுக்கு 1946-இல் தலைமை ஏற்றவர் நீதிபதி எஸ். வரதாச்சாரியார், ஐந்தாவது குழுவின் தலைவர் நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன். இருவரும் சென்னை உயர் நீதிமன்றத்தில் பணியாற்றியவர்கள். முதல் குழு கடைநிலை ஊழியருக்குப் பரிந்துரைத்தது 30 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் 25 ரூபாய் அகவிலைப்படியுமாக 55 ரூபாய். ஐந்தாவது குழுவில் அடிப்படை 2,550 ரூபாய், ஆறாவதில் 7,000, 2016 முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவதில் 18,000.

இந்த எண்களை மட்டும் வைத்து ஊழியர் பல நூறு மடங்கு வளம் பெற்றதாக நினைத்தால் தவறு. அரிசி விலையும் வீட்டு வாடகையும் கூடவே ஏறின. அதோடு, ஓய்வூதியமும் சம்பளத்தின் ஒரு பகுதிதான். பின்னால் கொடுக்கப்படும் பகுதி. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பின் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வந்தனர். அதே ஆண்டு சூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் நடத்திய வேலைநிறுத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அன்று என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் கூறியது. பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர்.

படிப்பு சம்பளத்தை உயர்த்தும் என்று மாணவர்களிடம் நாங்கள் சொல்வது வழக்கம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஒரே பி.எட். பட்டத்தோடு, ஒரே பாடத்தை, ஒரே தெருவின் இரு முனைகளில் நடத்தும் இரு ஆசிரியர்களில், அரசுப் பள்ளியில் இருப்பவர் பெறுவதில் சிறு பங்கையே தனியார் பள்ளியில் இருப்பவர் பெறுகிறார். படிப்பு மாறவில்லை, சம்பளம் தருபவர் மாறுகிறார்.

ஒரே சாலை, மூன்று சம்பளம்

பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை பல ஆண்டுகள் கார்களைத் தயாரித்தது. ஹெரால்டும் கெசலும் இங்கிருந்து வெளிவந்தவை. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 என்ற கார் விற்பனையில் தோற்றது. 1988-இல் உற்பத்தி நின்றது. மாருதி போன்ற புதிய கார்களோடு போட்டியிட முடியாததும் இதற்கு ஒரு காரணம். தொழிலாளி திறமைசாலியாக இருந்தாலும், அவர் செய்யும் பொருள் விற்காவிட்டால் சம்பளம் நிலைக்காது. அந்த நிலத்தில் பிற்காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் எழுந்தன.

தாம்பரத்தில் 1984-இல் தொடங்கப்பட்ட ஏற்றுமதி மண்டலம் 'மெப்ஸ்' என்றே வழங்குகிறது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி 262 ஏக்கரில் அமைந்த இம்மண்டலம் 2003-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. மின்னணுப் பொருள், தைத்த ஆடை, பின்னர் மென்பொருள் எனப் பல தொழில்கள் ஒரே மதிலுக்குள் நடக்கின்றன. காலை ஷிப்டுக்கு வாயிலில் நிற்போரில் பெண்கள் மிகுதி. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தையல் எந்திரங்களின் முன் பெண்களையும், வெட்டும் மேசையிலும் மேற்பார்வையிலும் ஆண்களையும் வைத்துவிட்டால் வேலை 'சமம்' ஆகாது, சட்டமும் மீறப்படாது. தமிழ்நாட்டுத் தையல் தொழிலாளருக்கு 2004-க்குப் பின் பத்தாண்டு கழித்தே குறைந்தபட்சக் கூலி திருத்தப்பட்டது. முதலாளிகள் அதை எதிர்த்து வழக்காடினர். 2016-இல் உயர் நீதிமன்றம் உயர்வை உறுதி செய்தது.

மென்பொருள் நிறுவனங்களில் கதை வேறு. 2000-களின் இறுதியில் புதிதாகச் சேரும் பொறியாளருக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் பெரிய தொகை. பொறியியல் கல்லூரிகள் பெருகி, வேலை தேடுவோர் எண்ணிக்கை ஏறியதால், பல நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கு மேல் 3, 3.5 லட்சம் அளவிலேயே நின்றது. அதே காலத்தில் பெருங்களத்தூர் வாடகை நிற்கவில்லை.

இவர்கள் வீடுகளில் பாத்திரம் துலக்கித் தரை துடைக்கும் பெண்களுக்கு 2018-இல் தமிழ்நாடு அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது: மணிக்கு 37 ரூபாய். ஆலைக்கு ஆய்வாளர் போவார். வீட்டுக்குப் போக முடியாது. எனவே நடைமுறையில் கூலியை முடிவு செய்வது அரசாணை அன்று; அடுத்த வீட்டில் என்ன கொடுக்கிறார்கள், எத்தனை பேர் வேலை கேட்டு வருகிறார்கள் என்பவைதான். மாதச் சம்பளம் என்று பேசிக்கொண்டாலும், மூன்று நான்கு வீடுகளில் வாங்குவதைக் கூட்டினால்தான் ஒரு சம்பளம் ஆகிறது. தீபாவளிக்கு ஒரு புடவையும் ஒரு மாதச் சம்பளமும் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. போனஸ் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. அதை ஊர் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள்.