‘இல்லை’யும் ‘தெரியவில்லை’யும்: சிலிக்கோன் மார்பக உள்வைப்புகளின் நீண்டகாலப் பாதுகாப்பு வரலாறு (1962–2021)

ஆய்வுச்சுருக்கம்

சிலிக்கோன் மார்பக உள்வைப்புகள் 1962 முதல் அமெரிக்காவில் பயன்பாட்டில் உள்ளன. அவற்றின் நீண்டகாலப் பாதுகாப்பு குறித்த முறையான ஆய்வுகள் முப்பது ஆண்டுகள் கழித்தே பெருமளவில் தொடங்கின. அவ்வாய்வுகள் எழுப்பிய வினா எது, எழுப்பாமல் விட்ட வினா எது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிலிக்கோன், மார்பக உள்வைப்பு, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை, நோய்ப்பரவலியல், நிணநீர்ப் புற்றுநோய்.

முன்னுரை

மருத்துவ வரலாற்றில் ‘தீங்கு இல்லை’ என்பதும் ‘தீங்கு இருப்பதாகத் தெரியவில்லை’ என்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. முன்னது முடிவு, பின்னது, தேடிய அளவுக்குக் கிடைத்த விடை மட்டுமே. எத்தனை பேரிடம், எத்தனை ஆண்டுகள், எந்த நோயைத் தேடினோம் என்பதைப் பொறுத்தே பின்னதன் வலிமை அமையும். இவ்வேறுபாடு மங்கியதால் நேர்ந்தவற்றைக் காட்டும் தெளிவான சான்றுகளுள் ஒன்று சிலிக்கோன் உள்வைப்பின் வரலாறு.

தொழிற்சாலையிலிருந்து உடலுக்கு

மார்பின் அளவைச் செயற்கையாகக் கூட்டும் முயற்சி சிலிக்கோனுக்கு முந்தையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா மருத்துவர் ராபர்ட் கெர்சுனி பாரஃபினை ஊசிவழி உடலில் செலுத்தினார். அது கட்டிகளையும் திசு அழிவையும் உண்டாக்கியதால் பின்னர் கைவிடப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலும், அதைத் தொடர்ந்து அமெரிக்காவின் லாஸ் வேகஸிலும் திரவ சிலிக்கோனை நேரடியாக மார்பில் செலுத்தும் வழக்கம் பரவியது. அதன் விளைவும் ஏறத்தாழ அதுவே.

டவ் கெமிக்கல், கார்னிங் கிளாஸ் ஒர்க்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் இணைந்து 1943இல் டவ் கார்னிங் நிறுவனத்தைத் தொடங்கின. போர் விமான எஞ்சின்களின் மின்பொறி அமைப்பை ஈரம் தாக்காமல் காப்பதற்கான சிலிக்கோன் பசை அதன் தொடக்ககாலத் தயாரிப்புகளுள் ஒன்று. வெப்பத்தாலும் நீராலும் எளிதில் மாறாத பொருள் என்பதே சிலிக்கோனின் பெருமை. வேதிவினையில் மந்தமானது உடலுக்குள்ளும் மந்தமாகவே இருக்கும் என்ற எண்ணம் இங்கிருந்து பிறந்தது எனலாம். இவ்விரண்டும் வெவ்வேறு கூற்றுகள். ஆயினும் முதலாவது மெய்ப்பிக்கப்பட்டிருந்தமையால் இரண்டாவதும் மெய்யெனவே கொள்ளப்பட்டது.

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்னும் இரு அறுவை மருத்துவர்கள் 1962இல் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகச் சிலிக்கோன் உள்வைப்பைப் பொருத்தினர். சிலிக்கோன் ரப்பர் உறைக்குள் சிலிக்கோன் கூழ் நிரப்பிய பை அது. அதற்கு முன்னர் ஒரு நாயின் உடலில் அது பொருத்திப் பார்க்கப்பட்டது. மருத்துவக் கருவியைச் சந்தைப்படுத்துமுன் அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற சட்டம் அந்நாளில் அமெரிக்காவில் இல்லை.

அச்சட்டம் 1976இல் வந்தது. டால்கன் ஷீல்டு என்னும் கருத்தடைச் சாதனம் விளைவித்த தீங்குகள் அதற்கு ஒரு முக்கியத் தூண்டுதல். ஆனால் அதற்கு முன்பே சந்தையில் இருந்த கருவிகள், அரசு தனியே கேட்கும் வரை சான்று தர வேண்டியதில்லை என விடப்பட்டன. உள்வைப்புகள் அவ்வாசல் வழியே நுழைந்தன. பாதுகாப்புச் சான்றுகளைத் தரும்படி உற்பத்தியாளர்களிடம் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கட்டாயமாகக் கேட்டது 1991இல்தான். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் யாரும் எதையும் அறியாதிருக்கவில்லை. கூழ் உறையினூடே கசிவதை நிறுவனத்தினர் 1970களிலேயே அறிந்திருந்தனர். காட்சிக்கு வைத்த மாதிரிகள் கைபட்டதும் எண்ணெய்ப் பிசுக்காகின்றன, எனவே அவற்றைக் கழுவித் துடைத்துக் காட்டுக என்னும் பொருள்பட 1975இல் விற்பனையாளர்களுக்கு எழுதப்பட்ட உள்சுற்றறிக்கை பிற்கால வழக்குகளில் வெளிவந்தது. 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண் தொடுத்த வழக்கில் நடுவர் குழு நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஆவணங்கள் முத்திரையிடப்பட்டன. பொதுமக்கள் அவற்றை அறிய மேலும் ஏழெட்டு ஆண்டுகள் ஆயின.

1992: ஐயமும் தடையும்

நிர்வாகத்தின் ஆணையர் டேவிட் கெஸ்லர் 1992 ஜனவரியில் உள்வைப்புகளின் விற்பனையை நிறுத்திவைக்குமாறு கோரினார். ஏப்ரலில், மார்பகச் சீரமைப்புக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கும் மட்டும் எனப் பயன்பாடு வரையறுக்கப்பட்டது. உள்வைப்பு தீங்கானது என அவர் கூறவில்லை என்பது கருதத்தக்கது. பாதுகாப்பானது என மெய்ப்பிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது, அதை அவர்கள் நிறைவேற்றவில்லை என்பதே அவருடைய வாதம். மக்களோ இதைத் தீங்கு உறுதியாகிவிட்டதற்கான அறிவிப்பாகவே கேட்டனர். அப்போது அமெரிக்காவில் பத்து லட்சம் முதல் இருபது லட்சம் வரையிலான பெண்கள் உள்வைப்புகளுடன் வாழ்ந்ததாக மதிப்பிடப்பட்டது. லூபஸ், முடக்குவாதம், தோல் இறுகும் ஸ்கிளெரோடெர்மா முதலிய இணைப்புத்திசு நோய்களுக்கு உள்வைப்பே காரணம் என வழக்குகள் குவிந்தன. 1994இல் 400 கோடி டாலருக்கும் மேற்பட்ட கூட்டு உடன்பாடு எட்டப்பட்டது. நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பதிவுசெய்தனர். அத்தனை கோரிக்கைகளை அத்தொகை தாங்கவில்லை. 1995 மே மாதத்தில் டவ் கார்னிங் திவால் பாதுகாப்புக் கோரியது.

தீர்ப்புகள் முந்திக்கொள்ள, ஆய்வுகள் பின்னே வந்தன. மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு, உள்வைப்பு பெற்ற 749 பெண்களையும் பெறாத 1,498 பெண்களையும் ஒப்பிட்டு, இணைப்புத்திசு நோய்களில் மிகுதி ஏதும் இல்லை எனக் கண்டது. பலரும் மேற்கோள் காட்டும் இவ்வாய்வின் மற்றொரு பகுதியைச் சிலரே மேற்கோள் காட்டுகின்றனர். ஸ்கிளெரோடெர்மா போன்ற அரிய நோய் இருமடங்காகிறதா என்பதை உறுதிசெய்ய வேண்டுமாயின், உள்வைப்புடைய 62,000 பெண்களையும் இல்லாத 1,24,000 பெண்களையும் சராசரியாகப் பத்தாண்டுகள் கண்காணிக்க வேண்டும் என அவ்வாசிரியர்களே கணக்கிட்டிருந்தனர். தம் ஆய்வின் எல்லையை இவ்வளவு நேர்மையாக எண்ணில் சொன்னதே அக்கட்டுரையின் பெரும்பேறு என்பது என் கருத்து.

தொடர்ந்து வந்த ஆய்வுகளும் இதே திசையில் நின்றன. கூட்டாட்சி நீதிமன்றம் அமைத்த நான்கு அறிவியலாளர் குழு 1998இலும், மருத்துவ நிறுவனம் எனப்படும் அமெரிக்க அறிவுரைக் குழுமம் 1999இலும், உள்வைப்புக்கும் இணைப்புத்திசு நோய்களுக்கும் தொடர்பு இருப்பதற்குப் போதிய சான்று இல்லை என்றன. 1999ஆம் ஆண்டு அறிக்கை இன்னொன்றையும் வலியுறுத்தியது. உறை கிழிதல், உள்வைப்பைச் சுற்றி உடல் உருவாக்கும் நார்த்திசு இறுகுதல், மறு அறுவை ஆகிய உள்ளிடச் சிக்கல்களே முதன்மையான பாதுகாப்புப் பிரச்சினை என்பது அது. செய்தித்தாள்களில் முதற்பகுதியே தலைப்பாயிற்று.

கேட்கப்படாத வினா

திசு இறுக்கத்தைக் குறைக்கும் நோக்கில், வழவழப்பான உறைக்கு மாற்றாகச் சொரசொரப்பான மேற்பரப்புடைய உள்வைப்புகள் 1980களில் பரவலாயின. நீதிமன்றங்கள் லூபஸைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இம்மேற்பரப்பைக் குறித்து எவரும் வழக்காடவில்லை. 1997இல் உள்வைப்பின் அருகே தோன்றிய, டி-செல் வகையைச் சார்ந்த அரிய நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று மருத்துவ இதழில் பதிவாயிற்று. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு அது.

அதற்கு எண்ணிக்கையின் வலிமையைத் தந்தது நெதர்லாந்தின் நாடளாவிய நோயியல் பதிவேடு. 1990 முதல் 2006 வரை மார்பகத்தில் இந்நோய் கண்ட 11 பெண்களுள் ஐவர் உள்வைப்பு உடையவர்கள் என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. பதினோரு பேர் என்பது சிறிய தொகைதான். ஆயினும் நாடு முழுவதையும் தழுவிய பதிவேடு இல்லாதிருந்தால் அப்பதினொருவர் ஒரே பட்டியலில் சேர்ந்திருக்கவே மாட்டார்கள். 2011இல் அமெரிக்க நிர்வாகம் இத்தொடர்பு இருக்கக்கூடும் என அறிவித்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது இடம்பெற்றது. 2019 ஜூலையில் வெளியான கணக்கின்படி உலகளவில் 573 நோயாளிகள், 33 இறப்புகள். அவற்றுள் 481 பேர் அலர்கன் நிறுவன உள்வைப்பைப் பெற்றிருந்தனர். அந்நிறுவனத்தின் பயோசெல் வகை உள்வைப்புகள் திரும்பப் பெறப்பட்டன. உரிய காலத்தில் கண்டறிந்து உள்வைப்பையும் சூழ்ந்த உறைத்திசுவையும் அகற்றினால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். அறுவைக்குப் பின் எட்டு, பத்து ஆண்டுகள் கழித்தே நோய் தோன்றுவது வழக்கமாதலால், குறுகிய காலக் கண்காணிப்பில் அது அகப்படாதது வியப்பன்று.

1999ஆம் ஆண்டு அறிக்கை பிழையானது என இதனால் ஆகாது. தன்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு அது சரியான விடையே தந்தது. ஒரு வினாவுக்குரிய விடையைப் பொதுப் பாதுகாப்புச் சான்றாக விரித்துப் படித்தவர்களிடமே பிழை உள்ளது.

கண்காணிப்பின் கதை

2006 நவம்பரில் அலர்கன், மென்டர் ஆகிய இரு நிறுவனங்களின் கூழ் உள்வைப்புகளுக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 40,000 பெண்களை இரு நிறுவனங்களும் பத்தாண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மேயோ ஆய்வாளர்கள் சுட்டிய அளவுக்கு அருகில் வரும் முதல் முயற்சி இது. 2011இல் நிலையை ஆராய்ந்தபோது, மென்டரின் ஆய்வில் மூன்றாம் ஆண்டிலேயே ஐந்தில் ஒருவரளவே தொடர்பில் எஞ்சியிருந்தனர். அழகுக்காக உள்வைப்பு பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும், சீரமைப்புக்காகப் பெற்றவர்களில் இருவரில் ஒருவர் வரையிலும் பத்தாண்டுகளுக்குள் அதை அகற்ற நேரிடலாம் என்பதையும் நிர்வாகம் அப்போது தெரிவித்தது.

பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் ஒப்புதல் பெறாத தொழிற்சாலைத் தர சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010இல் அம்பலமானது. இது அறியாமையன்று, மோசடி; ஆதலால் இங்கு விரிக்கப்படவில்லை. ஆனால் அதன் எதிரொலியாக எழுந்த ஒரு மாற்றம் நம் பொருளுக்கு உரியது. எந்தப் பெண்ணின் உடலில் எந்த உள்வைப்பு உள்ளது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாத நிலை அப்போது வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் 2015இல் நாடளாவிய உள்வைப்புப் பதிவேடுகளை நிறுவின. மறுப்புத் தெரிவித்தால் ஒழிய ஒவ்வொரு பெண்ணும் அவற்றில் இடம்பெறுவார்.

அமெரிக்காவில் 2021 அக்டோபர் முதல் உள்வைப்பின் உறையில் கட்டமிட்ட எச்சரிக்கை இடம்பெறுகிறது. இது வாழ்நாள் முழுதும் நீடிக்கும் கருவியன்று என்பது அவ்வெச்சரிக்கையின் முதற்செய்தி. அறுவைக்கு முன் பெண்ணும் மருத்துவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டிய இடர்ப்பட்டியலும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அந்நாட்டின் தேசிய உள்வைப்புப் பதிவேடு 2018இல் தொடங்கியது. அதில் சேர்வது மருத்துவரின் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளது.