கோடு கிழித்தவர் யார்?

ஒரு மாணவன் 35 மதிப்பெண் பெறுகிறான், தேறியவன் என்கிறோம். பக்கத்து இருக்கையில் அமர்ந்து எழுதியவன் 34 பெறுகிறான், தவறியவன் என்கிறோம். முன்னவன் வீட்டில் மிட்டாய் வழங்குகின்றனர். பின்னவன் வீட்டில் அன்று அடுப்பு எரிவதில்லை. இருவருக்கும் இடையே உள்ள அறிவின் வேற்றுமை எவ்வளவு? ஓர் எழுத்துப் பிழை. ஒரு கூட்டற் பிசகு. திருத்திய ஆசிரியரின் பேனா ஒரு நொடி தயங்கிய தயக்கம் — அவ்வளவே! அந்த ஓர் எண்தான் ஒருவனை மேல் வகுப்புக்கும் மற்றொருவனைப் பட்டறைக்கும் அனுப்பி வைக்கிறது.

இந்த 35 எங்கிருந்து வந்தது? இதைக் கேட்போர் மிகச் சிலர். தலையில் எழுதியது என்றால் நாம் சிரிக்கிறோம். தாளில் எழுதியது என்றால் தலை வணங்குகிறோம்! பஞ்சாங்கக்காரர் குறித்த நாளை ஏனென்று கேட்கத் துணிந்த நாம், பரீட்சைக்காரர் குறித்த எண்ணை ஏனென்று கேட்க வேண்டாமா? கேட்போம் தோழர்களே! அதன் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் ஒரு கதை. வெள்ளையர் ஆட்சி 1858இல் இங்கே தேர்வு நடத்தத் தொடங்கியபோது, தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் என்று இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்டதாம். 'எங்கள் நாட்டில் 65. இந்தியருக்கு எங்களில் பாதி அறிவுதானே, எனவே முப்பத்திரண்டரை போதும்' என்று விடை வந்ததாம். பிறகு அரையை முழுமையாக்கி 33 என்று வைத்தார்களாம். மேடைகளிலே இதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. அந்நிய ஆட்சியின் ஆணவத்துக்கு நல்ல சான்று என்று நம்மவரும் மகிழ்கின்றனர்.

மகிழலாமா? எழுதிக் கேட்டவர் யார்? விடை எழுதியவர் யார்? கடிதம் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது? கதை சொல்வோர் இவற்றுள் ஒன்றையும் காட்டுவதில்லை. மேலும், நுழைவுத் தேர்வு கல்கத்தாவில் 1857ஆம் ஆண்டிலேயே நடந்துவிட்டது. அந்நாளைய கேம்பிரிட்சிலோ, புகழ்பெற்ற கணிதத் தேர்வில் மாணவரை முதல்வர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்துவதே பெருமையாக இருந்தது. நம்மைப் புண்படுத்தும் புராணத்துக்குச் சான்று கேட்பது எளிது. நமக்கு இனிக்கும் புராணத்துக்கும் சான்று கேட்பவனே பகுத்தறிவாளன். ஆகவே இந்தக் கதையை ஒதுக்கி வைப்போம்.

கதையை ஒதுக்கினாலும் கேள்வி நிற்கிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் பாடந்தோறும் 35 எடுக்க வேண்டும். மத்தியக் கல்வி வாரியமாகிய சி.பி.எஸ்.இ.யில் 33 விழுக்காடு போதும். கேரளத்தில் 30 விழுக்காடு பெற்றாலே தேர்ச்சித் தரம். கருநாடகத்தில் நெடுங்காலம் 35 என்று இருந்ததை 33 ஆக்குவதென்று 2025இல் அறிவித்தனர். எண்ணிப் பாருங்கள்: கம்பத்திலே 32 பெற்ற பெண் தவறியவள். மலைப்பாதை ஏறிக் குமுளியை அடைந்தால் அதே 32 அவளைத் தேறியவள் ஆக்குகிறது! மலை ஏறியதால் மூளை வளர்ந்ததா? இல்லை. எல்லை கடந்தாள், எண் மாறிற்று. தண்ணீர் எந்த மாநிலத்தில் கொதிக்க வைத்தாலும் கொதிக்கும். ஆனால் தேர்ச்சி என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. இயற்கை விதித்த விதியல்ல இது, மனிதர் கூடி முடிவு செய்து கிழித்த கோடு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மனிதர் கிழித்த கோடு என்பதாலேயே அது தீயது என்று நாம் கூறவில்லை. அதற்கு முன்னிருந்த கோட்டை மறந்துவிடலாகாது. கல்விக்கு உரியவன் யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்த காலம் அது. ஏகலைவன் எந்தத் தேர்விலே தவறினான்? வில்வித்தையில் அவனுக்கு நூற்றுக்கு நூறு. கட்டை விரல்தான் போயிற்று! சம்பூகன் என்ன குறை மதிப்பெண் வாங்கினான்? தலையே போயிற்று! அந்தப் புராண நீதியோடு ஒப்பிட்டால், முகம் காட்டாத விடைத்தாள், குலம் கேளாத எண் — இவை பெரும் முன்னேற்றமே. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அப்போது கோட்பாட்டளவிலேனும் ஒரு புதிய கதவு திறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள்: சி. வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை. அவருள் தாமோதரம் பிள்ளை பின்னாளில் கலித்தொகையை 1887இல் அச்சேற்றித் தமிழுக்கு அழியாத் தொண்டு செய்தார்.

ஆனால் கதவைத் திறந்தவர்களே கோட்டை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் காண்போம். கல்கத்தாப் பல்கலைக்கழகம் முதல் பி.ஏ. தேர்வை 1858இல் நடத்திற்று. பாடங்கள் ஆறு. தேர்ந்தவர் எவருமில்லை! ஐந்து பாடங்களில் நன்கு எழுதி, ஆறாவதில் மட்டும் ஏழு மதிப்பெண்ணுக்கு மிகாமல் குறைந்து நின்றோர் இருவர் இருந்தனர். பல்கலைக்கழகத்தார் கூடிப் பேசினர். கருணை மதிப்பெண் வழங்கினர். இருவரையும் பட்டதாரிகள் என்று அறிவித்தனர். அவர்கள் யார்? ஒருவர் யதுநாத் போசு. மற்றவர், வங்க நாவலின் முன்னோடியாகப் போற்றப்படும் பங்கிம் சந்திர சட்டர்ஜி! கோடு பிறந்த முதலாண்டிலேயே வளைந்தது. அதனால் கல்வியின் தரம் கெட்டதென்று எவரும் சொல்லவில்லை. வங்க இலக்கியம் வளர்ந்தது. இன்று கிராமத்துப் பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் சேர்த்துக் கொடுத்தால் 'தரம் போயிற்று, தகுதி போயிற்று' என்று பதறுவோர், இந்நாட்டின் முதற் பட்டங்களுள் இரண்டு கருணை மதிப்பெண்ணால் பெறப்பட்டவை என்பதை நினைவில் கொள்ளட்டும்.

வளைக்கத் தெரிந்தவர்களுக்கு நிமிர்த்தவும் தெரியும். இந்தியக் குடிமைப் பணிக்கு 1855இல் போட்டித் தேர்வு வந்தது. எழுத வேண்டிய இடமோ லண்டன்! கடல் கடந்து சென்று எழுதி, 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் வெற்றி பெற்றார். தொடக்கத்தில் 23 ஆக இருந்த உச்ச வயது, 1866இல் 21 ஆயிற்று; 1878இல் 19 ஆயிற்று. அயல் மொழியிலே பயின்று, அயல் நாட்டுக்குக் கப்பலேறிச் சென்று, பத்தொன்பது வயதுக்குள் எழுத வேண்டும் என்றால், இந்திய இளைஞனுக்கு அது எளிதா? மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை. வயதில் கை வைத்தார்கள். இந்தியாவிலேயே அத்தேர்வை எழுதும் வாய்ப்பு 1922இல்தான் வந்தது. தகுதி என்ற சொல்லைப் பலகையில் எழுதி, வாயிற்படியை உயர்த்திக் கட்டும் வித்தை பழைய வித்தை!

இன்னொரு கொடுமை, பாடந்தோறும் தேற வேண்டும் என்னும் விதி. ஒன்றில் மலையளவு அறிந்தாலும் மற்றொன்றில் மயிரிழை குறைந்தால் முழுவதும் வீண். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்த ஒரு மாணவர், கணிதத்திலே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் அத்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. தேர்வில் மீண்டும் தவறினார். 1907இல் தனியாக எழுதியும் தேறவில்லை. விதியின் கண்ணில் அவர் தோல்வியுற்றவர். அவரே 1913இல் ஆர்டி என்னும் ஆங்கிலக் கணித மேதைக்குக் கடிதம் எழுதினார். 1914இல் கேம்பிரிட்சுக்குச் சென்றார். 1918இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். ஆம், சீனிவாச இராமானுசனைத்தான் சொல்கிறோம்! அவருக்குக் கடிதம் எழுத முகவரி கிடைத்தது. முகவரி கிடைக்காமல் மளிகைக் கடையிலும் செங்கல் சூளையிலும் முடிந்துபோனவர் எத்தனை பேர் என்று எந்தப் புள்ளிவிவரம் சொல்லும்?

தேர்வின் தாய்நாடு என்று சீனத்தைச் சொல்வார்கள். நூற்றாண்டுகள் பலவாக அங்கே அரசுப் பணிக்குத் தேர்வு நடந்தது; 1905இல்தான் அது ஒழிந்தது. மிங் மரபின் முதல் மன்னன் காலத்தில், 1397ஆம் ஆண்டுத் தேர்வில் தேறியோர் அனைவரும் தென்னாட்டார். வடநாட்டார் கொதித்தெழுந்தனர். மன்னன் மறுதேர்வு நடத்தி வடநாட்டாரைத் தேர்ந்தான். அந்த வழி நிலைக்காது என்று கண்ட பின்வந்தோர், 1427 வாக்கில் தெற்குக்கு 55, வடக்குக்கு 35, நடுப்பகுதிக்கு 10 என்று நூற்றுக்கணக்கில் பங்கு வகுத்தனர். வளமும் பள்ளியும் நிறைந்த தெற்கும், போரால் நொந்த வடக்கும் ஒரே ஓட்டப்பந்தயத்தில் ஓடினால் முடிவு முன்பே தெரிந்ததுதான் என்பதை, அந்த முடியரசே உணர்ந்திருந்தது!

அதே உண்மையைத்தான் நம் மண்ணில் நீதிக்கட்சியினர் 1921 முதல் வகுப்புவாரி ஆணைகள் வாயிலாக வலியுறுத்தினர். அந்த ஆணை 14 இடங்களைப் பல வகுப்பாருக்கும் பங்கிட்டது. 1950இல் உயர்நீதிமன்றமும் 1951இல் உச்சநீதிமன்றமும் அது செல்லாது என்றன. தமிழகம் கிளர்ந்தது. அவ்வாண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. மதிப்பெண் என்பது ஓட்டத்தின் முடிவில் நிற்கும் கடிகாரம் மட்டுமே; ஓடத் தொடங்கிய இடத்தை அது காட்டாது என்ற உண்மைக்குக் கிடைத்த வெற்றி அது.

அண்மை ஆண்டுகளின் பாடம் இன்னும் தெளிவானது. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020இல், தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பின் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பொதுத்தேர்வு இல்லாமலே தேர்ச்சி பெற்றனர். அடுத்த ஆண்டு, மதிப்பெண்ணே இல்லாமல் 'தேர்ச்சி' என்று மட்டும் சான்றிதழ் வந்தது. வானம் இடிந்து விழவில்லை. மருத்துவ மேற்படிப்புக்கான நீட் தேர்வில் நடந்ததோ இன்னும் வியப்பு. இடங்கள் நிரம்பவில்லை என்பதால், 2023இல் தகுதிக் கோட்டைப் பெர்சன்டைல் கணக்கில் பூச்சியம் என்று ஆக்கினர். அதாவது, தேர்வை எழுதியிருந்தாலே போதும்! தகுதி, தகுதி என்று ஆண்டுக்கணக்கில் முழங்கிய முரசு, இடம் காலியானதும் பூச்சியத்தில் அடங்கிற்று. கோடு எப்போது உயரும், எப்போது தாழும்? அறிவு அதை முடிவு செய்வதில்லை. தேவையும் அதிகாரமும் முடிவு செய்கின்றன.

'அப்படியானால் கோடே வேண்டாமா? படிக்காதவனும் தேறலாமா?' என்று கேட்பர். நேர்மையான கேள்வி, நேராகவே விடை சொல்வோம். அறுவை மருத்துவருக்குக் கோடு வேண்டும். பாலம் கட்டுவோருக்கு வேண்டும். அங்கே பிழைத்தால் பிறர் உயிர் போகும். பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு? ஐந்தாம் வகுப்பிலே தவறியவள் என்று முத்திரை குத்தினால் யார் உயிர் காக்கப்படும்? அவள் பள்ளியை விட்டு நின்று, தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆடு மேய்க்கப் போவாள், அவ்வளவே நடக்கும். ஆறாண்டு பள்ளிக்கு வந்தும் எழுதப் படிக்கத் தெரியவில்லை என்றால், தவறியது பிள்ளையா, பள்ளியா? தேர்வு என்பது எங்கே கற்பிக்கவில்லை என்று அரசுக்குக் காட்டும் விளக்காக இருக்கட்டும். பிள்ளையைச் சுடும் சூட்டுக்கோலாக வேண்டாம்.

இது ஏட்டுப் பேச்சு அன்று. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் தமிழ்நாட்டில் ஆணை பிறந்தது, எதிர்ப்பு எழுந்தது, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் தந்த 'எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைத்தலாகாது' என்ற காப்பை 2019இல் திருத்தம் தளர்த்திற்று. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் அதைக் கைவிட்டது. தமிழ்நாடு அந்தக் காப்பை விடமாட்டேன் என்றது. இன்று காத்த காப்பு நாளையும் நிற்குமா என்பது, நாம் விழித்திருப்பதைப் பொறுத்தது.

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் முதலிடம் பெற்றவர் வீட்டுக்கு மாலையோடு செல்வோர் ஆயிரம் பேர். இளைஞர்களே, நீங்கள் மறு வீட்டுக்குச் செல்லுங்கள்! 34 பெற்ற பிள்ளையின் வீட்டுக்கதவைத் தட்டுங்கள். 'இந்தக் கோடு மனிதர் கிழித்தது; உன் அறிவின் எல்லை இது அன்று' என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மறுகூட்டலுக்கு எழுதிக் கொடுங்கள்; துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்புங்கள்; படிப்பகத்திலே மாலை வேளைகளில் உடனிருந்து கணக்கும் ஆங்கிலமும் கற்றுக் கொடுங்கள். கோடு எங்கே இருக்க வேண்டும் என்ற வாதத்தைச் சட்டமன்றத்திலும் பத்திரிகைகளிலும் நடத்துவோம். அதுவரை, கோட்டுக்கு அப்பால் நிறுத்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளையையும் கைகொடுத்து இப்பால் கொண்டு வருவது நம் கடமை!