எண்ணூர்த் தோளும் கர்லாக்கட்டையும்

டம்பெல், பார்பெல் நல்லதா, மெஷின் நல்லதா என்ற விவாதத்தைத் தசைக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. அந்த உடல் என்ன வேலைக்குத் தேவைப்பட்டது என்றும் கேட்க வேண்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடற்கரை இதற்குத் தெளிவான சாட்சி. முன்பெல்லாம் கட்டுமரம் கரை சேர்ந்ததும் மீனவர்கள் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து, தோளில் சுமந்து மேட்டில் உலரப் போடுவார்கள். ஊறிய மரம் வழுக்கும், ஒருபக்கம் சாயும். காலடியில் மணல் புதையும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்கும் இதே பாடுதான்: உள்ளே தானியம் சரியச் சரிய, பாரமும் இடம் மாறும். பிடி, இடுப்பு, கால் மூன்றும் ஒன்றாக வேலை செய்யாவிட்டால் ஆள் விழுந்துவிடுவார்.

டம்பெல், பார்பெல் போலக் கையாலேயே அடக்க வேண்டிய கர்லாக்கட்டை என்ற உடற்பயிற்சி மரக்கட்டை பழக்குவதும் இதைத்தான். அதன் கனமெல்லாம் பிடியிலிருந்து தள்ளி, பருத்த முனையில் இருக்கிறது. தலைக்குப் பின்னால் சுழற்றும்போது மணிக்கட்டு தளர்ந்தால் கட்டை ஆளையே இழுத்துக்கொண்டு போகும். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளின் குத்துச்சண்டையால் பெயர்பெற்ற வடசென்னைக்கு அப்படிப்பட்ட தோள்தான் வேண்டியிருந்தது. மெஷின் இதற்கு நேர்மாறானது. ஆர்தர் ஜோன்ஸ் 1970இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நாட்டிலஸ் கருவியில், சங்குச் சுருள் போல வளைந்த சக்கரம் ஒன்று தசை தளரும் இடத்தில் பளுவைக் குறைத்து, வலுக்கும் இடத்தில் கூட்டும். அருமையான பொறியியல். ஆனால் பளு போகும் தடத்தை மெஷினே பார்த்துக்கொள்வதால், தடுமாறாமல் நிற்கும் பாடம் உடலுக்குக் கிடைப்பதில்லை. தசை பருப்பதில் டம்பெல், பார்பெல்லுக்கும் மெஷினுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும், எதில் பழகினோமோ அதில்தான் பலம் அதிகம் கூடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன.

காசில்லாதவர்கள் கட்டையைச் சுழற்றினார்கள், வசதி வந்ததும் மெஷினுக்கு மாறினார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். விலைக்கும் பங்கு உண்டு. கட்டையைத் தச்சரே கடைந்து கொடுத்துவிடுவார். ஆனால் பணத்துக்குப் பஞ்சமில்லாத பிரிட்டிஷ் ராணுவமும் கர்லாவை இந்தியாவில் கண்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது; 1904, 1932 ஒலிம்பிக்குகளில் அது போட்டியாகவே நடந்தது. ஏழ்மையை மட்டும் காரணம் சொல்லி இதை விளக்கிவிட முடியாது.

மெஷின் வந்து உடலுறுதி கெட்டது என்ற புலம்பலையும் நான் ஏற்கவில்லை. சுமக்கும் வேலையே கருவிகளுக்குப் போய்விட்டது: சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது; 2001இல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்தில் அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரியைத் தொடக்கம் முதலே கிரேனும் கன்வேயரும்தான் இறக்கின. ஒரு ஆள் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது 1967இல்தான். அதற்குள் எத்தனையோ முதுகுகள் ஒடிந்திருந்தன. தோளை விட்டு மூட்டை இறங்கியதில் வருந்த ஒன்றுமில்லை. 1860களில் ஸ்வீடன் மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் தன் உடற்பயிற்சி இயந்திரங்களை அமைத்தது சிகிச்சைக்காகத்தான். மூட்டை சுமந்தே தோள் தேய்ந்துபோன முதியவருக்கு, கர்லாவைவிட அந்த வழியில் வந்த மெஷினே இன்று பாதுகாப்பானது.