பரங்கிப்பேட்டைச் சேவா மந்திரும் கிறித்தவத் தொண்டு நெறியும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை அமைந்துள்ளது. போர்த்துக்கீசியரால் 'போர்ட்டோ நோவோ' என்றும், இசுலாமியரால் 'மகமூது பந்தர்' என்றும் வழங்கப்பெற்ற இவ்வூரை, 1781ஆம் ஆண்டில் ஐதரலியின் படைக்கும் அயர் கூட்டின் படைக்கும் இடையே நிகழ்ந்த போரால் வரலாறு பயில்வோர் நன்கறிவர். 1921ஆம் ஆண்டில் இவ்வூரில் அடிக்கல் இடப்பெற்ற பெண்கள் கல்வி நிலையமோ அத்துணைப் பெயர் பெறவில்லை. எனினும், இக்கடற்கரையில் கிறித்தவ சமயம் வாழ்ந்த முறையை ஆராய்வார்க்கு அப்போரினும் இந்நிலையமே மிகுதியும் கருதற்குரியது.

இறைவன்பால் வைத்த முழுமையான பற்று, துன்புறும் உயிர்கள்பால் அருளாக வெளிப்படல் வேண்டும் என்பது கிறித்தவ நெறியின் அடிப்படையாகும். இதனை மறுப்பார் இலர். ஆயின், அவ்வருட்செயல் ஆட்சியாளரின் துணையை நாடி நிற்குங்கால் அதன் இயல்பு யாதாகின்றது? அத்துணையை நீக்கி நிற்குங்கால் யாதாகின்றது? இவ்வினாக்களுக்குக் கடலூர், சிதம்பரம் வட்டார வரலாறு தரும் விடையை ஈண்டு ஆராய்வோம்.

1. கோட்டையும் கோயிலும்

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690-இல் விலைக்குப் பெற்றனர். அது செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டபின், தென்னாட்டில் ஆங்கிலேயர்தம் தலைமையிடமாகச் சில ஆண்டுகள் விளங்கியதும் இதுவே. இக்கோட்டையின் காவலில்தான் கடலூர்ப் புராட்டஸ்டண்டு மிஷன் வளர்ந்தது. தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்கு தொடங்கிய பணியின் கிளையாக, 1737-இல் சார்ட்டோரியசும் கைஸ்டரும் கடலூரில் இதனை நிறுவினர். 1740-இல் கீர்னாண்டர் இங்கு வந்து சேர்ந்தார்.

1749-இல் நிகழ்ந்த ஒரு செய்தி நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரருக்குத் துணையாவர் என ஐயுற்ற ஆங்கில அதிகாரிகள், கடலூரில் இருந்த கத்தோலிக்கக் கோயிலைக் கைக்கொண்டு கீர்னாண்டருக்கு அளித்தனர். ஒரு சபையாரிடமிருந்து பறிக்கப்பட்ட கோயில் மற்றொரு சபையார்க்கு நன்கொடையாயிற்று. 1758-இல் லாலியின் படை கடலூரையும் கோட்டையையும் கைப்பற்றியபோது கீர்னாண்டர் ஊரைவிட்டு நீங்கித் தரங்கம்பாடி சென்றார். அவ்வாண்டிலேயே கல்கத்தாவை அடைந்தார். 1782-இல் கடலூர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அப்போது மிஷன் கோயில் வெடிமருந்துக் கிடங்காக மாற்றப்பட்டது. ஆட்சியால் வந்த கோயில் ஆட்சி மாறியவுடன் தன் இயல்பை இழந்தமையை இந்நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டுகின்றன.

எனினும், அம்மிஷனரிமாரிடம் அருளுள்ளம் இல்லை எனக் கூறுதல் நடுநிலையன்று. 1767 முதல் கடலூரில் பணியாற்றிய கெரிக் என்பார், 1782-இல் ஊர் வீழ்ந்தபோதும் உடனே அகன்றிலர். ஐதரலியின் படையை நகருக்குள் விட்டால் பேரழிவு நேரும் என்று பிரெஞ்சுத் தலைவரிடம் மன்றாடி அதனைத் தடுத்தார். ஆங்கில அதிகாரிகள் சிலரைத் தம் இல்லத்தில் மறைத்துக் காத்தார் என அவர்தம் வரலாறு கூறும். கோட்டை காவாத மக்களைக் கோட்டையின் நிழலில் வாழ்ந்த ஒருவர் தம் சொல்லால் காத்தார். ஆட்சியின் துணை முற்றும் அற்ற நிலையிலேயே அவர்தம் அருட்செயல் மிக விளங்கித் தோன்றுதல் நோக்கத்தக்கது.

2. சாதியும் சபையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வினா வேறு வடிவம் கொண்டது. சபைக்குள் சாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொள்ளலாமா என்பதில் லுத்தரன் மிஷனரிமாரிடையே பெரும் பிணக்கு எழுந்தது. லீப்சிக் மிஷன் அதனை ஓரளவு பொறுத்துச் செல்லக் கருதியது. அம்மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் அதற்கு உடன்படாது விலகி, 1860-களின் தொடக்கத்தில் கடலூரை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் புதியதொரு பணிநிலையம் அமைத்தார். டென்மார்க்கு மிஷன் சங்கம் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வரலாறு இதிலிருந்து தொடங்குகின்றது. கொள்கைக்காக ஆதரவை இழக்கத் துணிந்த ஒருவரை இங்கே காண்கின்றோம். ஆயினும், அவர் இழந்தது தம் மிஷனின் ஆதரவையே. அரசோடு கொண்ட உறவு பற்றிய வினா அப்பொழுதும் எழவில்லை.

3. ஆன் மாரி பீட்டர்சன்

அவ்வினாவைத் தம் வாழ்க்கையால் எழுப்பியவர் ஆன் மாரி பீட்டர்சன் (1878–1951) என்னும் டென்மார்க்கு நாட்டு அம்மையார். இவர் 1909-இல் லோவெந்தால் மிஷனின் சார்பில் வேலூர்ப் பகுதிக்கு வந்தார். கிருண்ட்விக் (1783–1872) வகுத்த நாட்டுப்புற உயர்பள்ளிக் கொள்கையில் ஊறியவர். மக்கள்தம் தாய்மொழி, பாடல், வரலாறு, கைத்தொழில் ஆகியவற்றின் வழியாகவே கல்வி உயிர் பெறும் என்பது அக்கொள்கை. இலத்தீனின் ஆட்சியை எதிர்த்துத் தாய்மொழிக்குக் குரல் கொடுத்த மரபில் வந்த ஒருவர்க்கு, ஆங்கில வழி நடந்த மிஷன் கல்வி எத்தகையதாகத் தோன்றியிருக்கும் என்பது எளிதின் உணரற்பாலது.

1917-இல் பீட்டர்சனும், டென்மார்க்கு மிஷன் சங்கத்தைச் சேர்ந்த எஸ்தர் பேரிங் என்பாரும், குசராத்தில் காந்தியடிகளின் ஆசிரமத்துக்குச் சென்றனர். அச்சந்திப்பு இருவர் வாழ்க்கையையும் மாற்றியது. முதல் உலகப் போரையொட்டி, பிரித்தானியரல்லாத மிஷனரிமார் சட்டப்படி அமைந்த அரசுக்குப் பணிதலும், அரசியலில் தலையிடாமையும் கட்டாயமாகக் கோரப்பட்ட காலம் அது. காந்தியடிகளோடு கொண்ட தொடர்பை அரசு ஐயுற்றது, மிஷன் அஞ்சியது. எஸ்தர் தம் மிஷனிலிருந்து விலகினார். பின்னர் மேனன் என்னும் கேரளத்தவரை மணந்தார். அடிகள் அவருக்கு எழுதிய கடிதங்கள் 1956-இல் நவஜீவன் வெளியீடாகத் தொகுக்கப்பெற்றன. பீட்டர்சனும் தம் மிஷனின் கட்டினின்று நீங்கிப் பரங்கிப்பேட்டையைத் தம் பணிக்களமாகக் கொண்டார்.

4. சேவா மந்திர்

1921ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் காந்தியடிகள் பரங்கிப்பேட்டைக்கு வந்து, தேசியக் கிறித்தவப் பெண்கள் பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார். அதே திங்கள் 22ஆம் நாளில்தான் மதுரையில் அவர் அரையாடை மேற்கொண்டார். ஒத்துழையாமை இயக்கம் ஓங்கி நின்ற காலம் அது என்பதை மறத்தலாகாது.

பள்ளி அரசின் உதவித்தொகையை வேண்டாது நின்றது. இதன் பொருளை அறிய, அக்காலக் கல்வி முறையை நோக்கல் வேண்டும். 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின் மிஷன் பள்ளிகள் பலவும் அரசின் உதவித்தொகையால் நடந்தன. அத்தொகையோடு ஆய்வாளரும், பாடத்திட்டமும், தேர்வும் உடன் வந்தன. அதனை மறுத்த பள்ளி, தான் விரும்பிய வண்ணம் கற்பிக்கும் உரிமையைப் பெற்றது. பொருள் முட்டுப்பாட்டையும் உடன் பெற்றது. நூற்றலும் கதரும் அங்குக் கல்வியின் கூறுகளாயின.

அம்மையார் ஆங்கில அரசின் சார்பை நீக்கிக் காங்கிரசின் சார்பை மேற்கொண்டாரேயன்றிச் சார்பின்மையை மேற்கொண்டிலர் எனச் சிலர் வினவலாம். இத்தடை பொருந்துமாறு இல்லை. 1921-இல் காங்கிரசுக்கு அளிக்கத்தக்க ஆட்சியும் இல்லை. தரத்தக்க கோயிலும் இல்லை. அதனைச் சார்ந்தோர் பெற்றது அரசின் ஐயப்பாடே. மேலும், அம்மையார் தம் சமயத்தைக் கைவிட்டவரல்லர்; இறுதிவரை கிறித்துவின் அடியவராகவே வாழ்ந்தார். ஆட்சியின் துணையின்றியே அந்நெறி இம்மண்ணில் நிற்கும் என நம்பியமையே அவர்தம் பத்தியின் முழுமைக்குச் சான்றாகும்.

5. பெயரும் நிலமும்

பள்ளியின் பெயர் தமிழ் ஆய்வாளர்க்கு ஒரு குறிப்பைத் தருகின்றது. புராட்டஸ்டண்டுத் தமிழில் இறைப்பணியைச் சுட்ட 'ஊழியம்' என்னும் சொல் பெருவழக்கிற்று. இங்கோ 'சேவா மந்திர்' என்ற பெயர் அமைந்தது. வடநாட்டு வழக்கில் 'மந்திர்' கோயிலைக் குறிக்கும். தமிழில் 'மந்திரம்' இல்லத்தையும் குறிக்கும். தொண்டே கோயில், தொண்டே இல்லம் என இருபொருளும் அமைய இப்பெயர் நிற்றல் காண்க.

அருகிலுள்ள சிதம்பரமோ, சேக்கிழார் திருத்தொண்டர் புராணத்தை அரங்கேற்றியதாக மரபு கூறும் பதி. அந்நூலுள் போற்றப்படும் திருநாளைப்போவார் ஆகிய நந்தனார் பெயரால், சுவாமி சகசானந்தர் 1916-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென அந்நகரில் கல்விக் கழகம் நிறுவினார். 1927-இல் சிதம்பரம் வந்த காந்தியடிகள், தாமே துன்பம் ஏற்றுத் தடைகளைக் கடந்த சத்தியாக்கிரகியாக நந்தனாரைப் போற்றினார். சைவத் துறவி ஒருவரும் கிறித்தவ அம்மையார் ஒருவரும், ஐந்தாண்டு இடைவெளியில், அண்மையிலுள்ள இரு ஊர்களில், கல்வி பெறாதார்க்குக் கல்வியளித்தலையே வழிபாடாகக் கொண்டனர். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தார் என நாம் கூறவில்லை. தொண்டைப் பத்தியின் வடிவாகக் கண்டு பழகிய நிலத்தில், அம்மையாரின் பணி அயலாகத் தோன்றவில்லை என்பதே நாம் கூறக்கருதியது.

6. முடிவு

கடலூரில் ஆட்சி கொடுத்த கோயிலை ஆட்சியே வெடிமருந்துக் கிடங்காக்கியது. அவ்வாட்சியின் துணை அகன்ற பொழுதில் கெரிக் ஆற்றிய செயலே நினைவில் நிற்கின்றது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஓக்ஸ் தம் மிஷனின் ஆதரவைத் துறந்தார். பரங்கிப்பேட்டையில் பீட்டர்சன் அம்மையார் மிஷன், அரசு ஆகிய இரண்டன் ஆதரவையும் துறந்தார். 1951-இல் அவர் மறைந்தார். சேவா மந்திர் என்னும் பெயரோ இன்றும் அவ்வூரில் பள்ளியின் பெயராக வழங்குகின்றது. தென்னாற்காட்டுக் கிறித்தவ வரலாற்றைக் கோட்டைகளையும் உடன்படிக்கைகளையும் கொண்டு எழுதியது போதும். இத்தகைய தொண்டு நிலையங்களின் ஏடுகளையும் கடிதங்களையும் கொண்டு எழுதுதல் இனி ஆய்வு மாணவர்தம் கடனாகும்.