கறையான் தின்ற தண்டவாளமும் ஹைட்ரஜன் வண்டியும்

1869-இல் மகாராஜா அபு பக்கர் ஜொகூர் பாருவிலிருந்து கூனோங் பூலாய் மலையை நோக்கி ஒரு ரயில் பாதை போடத் தொடங்கினார். சுற்றிலும் காடு, மரத்துக்குப் பஞ்சமில்லை. தண்டவாளமும் மரத்தாலேயே அமைந்தது. பாதை மலையை எட்டவில்லை. பணமும் போதவில்லை, கறையானும் விடவில்லை. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை இரும்புப் பாதை முழுமை பெற 1909 ஆயிற்று. மலாயா ரயில் பாதைகளில் காடழித்து மண் சுமந்த கூட்டத்தில் தமிழர் ஏராளம். அந்த வழித்தடத்தில் நீராவி போய் டீசல் வந்தது, டீசலை அடுத்து மின்சாரமும் வந்துவிட்டது. எந்த எஞ்சின் ஓடினாலும் அடியில் கிடக்கும் பாதை உறுதியாக இருக்க வேண்டும். ஹைட்ரஜன் வண்டியைப் பற்றிப் பேசும்போதும் நாம் முதலில் பார்க்க வேண்டியது அடியில் இருப்பதை, அதாவது அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பதை.

ஹைட்ரஜன் வண்டியை ஓட்டும் எரிபொருள் கலம் புதுச் சரக்கு அல்ல. வில்லியம் குரோவ் 1839-லேயே ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். அப்போலோ விண்கலங்கள் அதே முறையில் மின்சாரம் பெற்றன. டொயோட்டா மிராய் கார் 2014-இல் விற்பனைக்கு வந்தது. அதன் புகைக்குழாயிலிருந்து வெளிவருவது தண்ணீர் மட்டுமே. ஜொகூருக்கோ ஹைட்ரஜனும் பழைய பழக்கம். 1977-இல் துறைமுகம் திறந்த பாசிர் கூடாங்கில், ஆதித்ய பிர்லாவின் பான் செஞ்சுரி உட்படப் பல செம்பனை எண்ணெய் ஆலைகள் எழுந்தன; பின்னர் கொழுப்பமிலம் தயாரிக்கும் ஆலைகளும் வந்தன. அங்கே எஃகுக் கலனில் சூடாக்கிய கொழுப்பமிலத்தோடு நிக்கல் தூளைக் கலந்து, அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். நீராய் இருந்தது ஆறியதும் மெழுகாய் இறுகிவிடும். சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் போவது அதுதான். பெங்கேராங் சுத்திகரிப்பு ஆலையும் கச்சா எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரிக்க ஹைட்ரஜனையே நம்பியிருக்கிறது. இத்தகைய ஆலைகளுக்கான ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரிக்கப்படுவது. ஒரு கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ வரை கரியமில வாயு வெளியேறும். இதை நிரப்பிக்கொண்டு ஓடும் பேருந்தைத் தூய்மையானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் ஆகாதா என்று கேட்கலாம். சரவாக் 2019-இல் கூச்சிங்கில் அப்படித்தான் ஹைட்ரஜன் நிலையம் திறந்தது. ஆனால் அதற்குப் பாக்குன் போன்ற பேரணைகளின் மின்சாரம் இருக்கிறது. ஜொகூரிலோ தஞ்சோங் பின் கடற்கரையில் 3,100 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. கூலாய் பக்கம் எழும் தரவு மையங்கள் வேறு மின்சாரத்துக்கு வரிசையில் நிற்கின்றன. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் வேண்டும். அதிலிருந்து எரிபொருள் கலம் திருப்பித் தருவது 16, 17 யூனிட். கார் ஓட்ட இது கட்டுப்படியாகாது. பேட்டரியே போதும் என்பவர்கள் கார் விஷயத்தில் சொல்வது சரி. தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தில் ஓய்வின்றி ஓடும் கனரக லாரிகளுக்கு வேண்டுமானால் கணக்கு மாறலாம். ஆனால் பாசிர் கூடாங் கலனுக்குள் பேட்டரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே ஹைட்ரஜன் எரிபொருளல்ல, மூலப்பொருள், மாற்றே கிடையாது. ஆகவே தூய ஹைட்ரஜன் கிடைத்தால் முதல் பங்கு அங்கே போக வேண்டும், அடுத்தது லாரிக்கு, கடைசியாகத்தான் பேருந்துக்கு.

அது கிடைக்கும் வழி செம்பனைத் தோட்டத்திலேயே உண்டு. ஆலைக்குப் பின்னால் கழிவுநீர் தேங்கும் பழுப்புக் குளங்கள், மேலே விடாமல் குமிழிகள், காற்று திரும்பினால் லயத்து வீடுகள்வரை வரும் புளித்த நெடி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குமிழிகளில் பெரும்பகுதி மீத்தேன். புவியைச் சூடாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு வலிமை. குளத்தை மூடிப் பிடித்தால் அதிலிருந்தே ஹைட்ரஜன் எடுக்கலாம். மீத்தேனை நேரே எரித்து மின்சாரம் எடுப்பது எளிது என்பார்கள். மின்கம்பி அருகில் இருக்கும் ஆலைக்கு அது பொருந்தும்; பாசிர் கூடாங்கை எட்டும் தொலைவில் உள்ள ஆலைகளுக்கு நான் சொன்ன வழி மேல். கிடைக்கும் அளவு சிறிதுதான், மறுக்கவில்லை.

ஹைட்ரஜன் ஆபத்து என்ற பயத்தையும் அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் பாசிர் கூடாங்கில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், பள்ளிகள் மூடப்பட்டன. ஹைட்ரஜனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் மேற்பார்வை தவறினால் மூச்சுத் திணறுவது பள்ளிப் பிள்ளைகள்தான் என்று அந்த ஊருக்குத் தெரியும். புதிய ஹைட்ரஜன் நிலையம் எதற்கும் அனுமதி தருமுன், அதன் பாதுகாப்பு அறிக்கையை அக்கம்பக்கத்தார் மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் படிக்கும்படி வெளியிட வேண்டும்.