வறுமையும் பல்கலைக்கழகக் கல்வியும்

மாணவர் பல்கலைக்கழகத்தில் நிலைத்துப் பயில அறிவாற்றல் ஒன்றே அமையுமோ எனின், அமையாது என்பதற்குத் திருத்தணிகை சான்று பகர்கின்றது. 1888-இல் அவ்வூரிற் பிறந்த சர்வபள்ளி இராதாகிருட்டிணனாரின் தந்தையார் வருவாய்த்துறையில் சிறுபணி புரிந்தவர்; இல்லத்தில் வறுமை. கல்லூரிப் பருவத்திலேயே, 1903-இல், மணமும் நிகழ்ந்தது. எனினும் திருப்பதி, வேலூர், சென்னை எனத் தொடர்ந்த கல்வி இடையறவில்லை. உதவித்தொகை அதனைத் தாங்கிற்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் மெய்யியலைத் தேர்ந்தமைக்கும், உறவினர் ஒருவர் பயின்று முடித்துத் தந்த நூல்களே காரணமாயின. பாடத்தையும் பொருள்நிலையே வரையறுத்தது என்க. 1948-இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. இத்தகு துணை வாய்க்காது இடைநின்றோர் பெயர்களை வரலாறு குறிக்கவில்லை. ஆதலின், மாணவர் இடைநிற்றலை ஆராய்வோர் மதிப்பெண்ணளவில் நில்லாது, அவர்தம் குடும்பநிலையையும் நோக்குதல் வேண்டும் என்பது நம் துணிபு.